38 மூளைகளும் ஒரு நீள நோட்டும்

2018 ஜூனில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டில் பிஎச்டி செய்யும் ஒரு மாணவி எழுதியிருந்தார். வயது வந்தபிறகு தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் சொற்களை வாசிக்கும்போது மூளையில் எந்தெந்தப் பகுதி வேலை செய்கிறது என்று 2011-இல் எங்கள் ஆய்வகம் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்திருந்தது. அந்தக் கட்டுரையின் கடைசியில் 'கேட்டால் தரவு தரப்படும்' என்று ஒரு வரி உண்டு. அதை நம்பி அவர் கேட்டிருந்தார்.

சார் என்னைக் கூப்பிட்டு, "அந்த 38 பேரோட ஸ்கேனும் பீரோவுலதான் இருக்கும். எடுத்து அனுப்பிடும்மா" என்றார். இரண்டு நாள் வேலை என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஒன்றரை வருடம் பிடித்தது. நான் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தது 2015-இல். அந்த ஸ்கேன்கள் எடுக்கப்பட்டபோது நான் அங்கே இல்லை. அதனால் ஒரு வெளியாள் என்னென்ன கேள்வி கேட்பாரோ அத்தனையும் எனக்கும் வந்தது. இப்போது எங்கோ இரவில் உட்கார்ந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பீரோ. கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் டிவிடிகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. மார்க்கரில் எண் மட்டும் எழுதியிருந்தது. இரண்டு பிரதி எடுத்து வைத்த கவனத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே டின்னில் இருந்தன. ஈரம் இரண்டையும் ஒன்றாகவே தாக்கியது. சில வட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தது. இரண்டு பேருடைய ஸ்கேன் இரண்டு பிரதியிலுமே திறக்கவில்லை. மருத்துவமனை சர்வரில் தேடினோம். பழைய படங்கள் அங்கே எப்போதோ அழிக்கப்பட்டிருந்தன. அந்த இரண்டு பேர் போனது போனதுதான். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பிரதியை ஒரு பிரதியாகத்தான் கணக்கில் வைக்க வேண்டும். இப்போது நாங்கள் மூன்று பிரதி வைக்கிறோம். அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்தும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

மிச்சம் 36 பேர். படங்கள் கைக்கு வந்துவிட்டன, இனி அனுப்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். வேலையே அங்கேதான் ஆரம்பித்தது.

கலந்துகொண்டவர்களின் விவரம் ஒரு எக்செல் கோப்பில் இருந்தது. எண், வயது, எந்தக் கைப்பழக்கம், எந்த வயதில் படிக்கத் தொடங்கினார், எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ஒன்பது வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் அடித்திருந்தது, மூன்றுக்கு இளஞ்சிவப்பு. எதற்கு என்று எங்கேயும் எழுதவில்லை. சாருக்கும் நினைவில்லை. கோப்பை உருவாக்கியவர் 2013-இலேயே கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டார். நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"மஞ்சளா? அது தலையை ஆட்டினவங்கம்மா. படம் கலங்கியிருக்கும். பகுப்பாய்வுல சேர்க்கக் கூடாதுன்னு அடிச்சு வச்சேன்."

"அப்ப பிங்க், அக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அய்யோ, அது மறந்துபோச்சே" என்றார். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "ராத்திரி முழுக்க யோசிச்சேன். அவங்க மூணு பேரும் கண்ணாடி போடுறவங்க. உள்ள கண்ணாடி போட முடியாதுல்ல. எழுத்து சரியாத் தெரியலன்னு சொன்னாங்க."

வாசிப்பு ஆய்வில் எழுத்து சரியாகத் தெரியாத மூன்று பேர். கட்டுரையில் அவர்களும் சேர்ந்தே எண்ணப்பட்டிருந்தார்கள். அந்த அக்கா நினைவுபடுத்திச் சொல்லியிருக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் இது தெரிந்திருக்காது. நிறத்தில் எதையும் சொல்லி வைக்காதீர்கள். வேறொரு கோப்பாக மாற்றினால் நிறம் உதிர்ந்துவிடும், அர்த்தமும் கூடவே போய்விடும். தனியாக ஒரு பத்தி போட்டு, 'எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்றார்' என்று சொல்லிலேயே எழுதுங்கள்.

அடுத்தது சொற்பட்டியல். ஸ்கேனருக்குள் அவர்களுக்குக் காட்டிய தமிழ்ச் சொற்கள் இருந்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. கொஞ்ச நேரம் குழம்பிவிட்டுத்தான் புரிந்தது, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளி விசையைத்தான் தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எந்தத் தமிழ்ச் சொல்லும் புள்ளிக்குப் புள்ளி அரைப்புள்ளி தெறித்த ஆங்கிலமாகத்தான் தெரியும். தமிழ் தெரிந்த எனக்கே பத்து நிமிடம் ஆனது. கேட்ட மாணவிக்கு இது கோப்பு கெட்டுப்போனதாகத்தான் பட்டிருக்கும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாகச் சரிபார்த்தேன். சிலவற்றில் றகரமும் ரகரமும் இடம் மாறியிருந்தன. அது யூனிகோடுக்கு மாற்றும்போது வந்த பிழையா, அன்றைக்கே திரையில் அப்படித்தான் காட்டினார்களா? அங்கே இருந்த ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

அப்படித்தான் டெக்னீஷியன் அண்ணனிடம் போனேன்.

ஆராய்ச்சி ஸ்கேன்களுக்குப் பகலில் இடம் கிடைக்காது. நோயாளிகள் முடிந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் ஸ்கேனர் நமக்கு. அந்த 38 இரவும் உட்கார்ந்தவர் அந்த அண்ணன். விஷயத்தைச் சொன்னதும், "இரும்மா" என்று எழுந்துபோய், மேசையின் கடைசி அறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். அட்டை கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு இரவுக்கும் நாலைந்து வரி. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

'9. தாலிச் சங்கிலி கழற்றி மஞ்சள் கயிறு கட்டி வந்தார். பயம். வெளியே வந்து தண்ணி குடித்து மறுபடி படுத்தார்.'

'13. வலது மூக்குத்தி கழலவில்லை. டேப் ஒட்டியது.'

'17. கரண்ட் போய்விட்டது. இரண்டாவது ரன் பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து.'

'22. ரெஸ்டில் தூங்கிவிட்டார். குறட்டை கேட்டது.'

'அனைவருக்கும்: வலது பக்கம் எவியான். முதல் 4 டம்மி, அதன்பிறகுதான் சொல் ஆரம்பம்.'

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஸ்கேனர் இரண்டு விநாடிக்கு ஒருமுறை முழு மூளையையும் ஒரு படம் எடுக்கும். மூளையிலிருந்து வரும் சைகை நிலைக்கு வரும்வரை முதல் சில படங்கள் பயன்படாது. அவற்றை டம்மி என்று தள்ளிவிடுவார்கள். திரையில் சொல் எந்த விநாடியில் வந்தது என்ற பட்டியல் எங்களிடம் இருந்தது. ஆனால் அந்தக் கடிகாரம் டம்மிக்கு முன்னால் ஓடத் தொடங்கியதா, பின்னாலா என்று தெரியவில்லை. 4 படம் என்றால் 8 விநாடி வித்தியாசம். ஒரு சொல்லைப் பார்த்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் மூளையின் ரத்த ஓட்டத்தில் அந்த மாற்றம் உச்சத்துக்கு வரும். எட்டு விநாடி தவறினால் முந்தைய சொல்லுக்கு வந்த பதிலை அடுத்த சொல்லின் கணக்கில் எழுதிவிடுவோம். படம் எல்லாம் பத்திரமாக இருக்கும், முடிவு மட்டும் குப்பையாக இருக்கும். பேனாவில் எழுதிய அந்த ஒரு வரி இல்லையென்றால் 36 பேரின் வாசிப்புத் தரவும் யாருக்கும் உதவாது.

எவியான் சங்கதியும் அப்படித்தான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பச்சை நிற வைட்டமின் இ மாத்திரை. உள்ளே இருப்பது எண்ணெய் என்பதால் எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அதைத் தலையின் வலது பக்கம் ஒட்டிவிட்டால், பிற்பாடு எந்த மென்பொருள் படத்தை எப்படித் திருப்பினாலும் வலது எது என்று தெரிந்துவிடும். மருத்துவர்கள் படத்தின் இடது ஓரத்தில் நோயாளியின் வலப்பக்கத்தை வைத்துப் பார்க்கிற வழக்கம். மூளை ஆய்வாளர்கள் பலர் நேர்மாறாக வைப்பார்கள். பழைய அனலைஸ் வடிவக் கோப்பில் எது எந்தப் பக்கம் என்று நம்பத்தக்க குறிப்பே கிடையாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நிஃப்டி வடிவம் வந்தது. வாசிப்பு பெரும்பாலோருக்கு இடது மூளையின் வேலை. பக்கம் மாறிப்போன ஒரு கோப்பு அந்தக் கேள்வியையே கெடுத்துவிடும். எங்கள் 36 பேரில் இரண்டு பேருடைய மாற்றப்பட்ட கோப்புகளில் வெள்ளைப் பொட்டு இடதுபுறம் இருந்தது. திருத்தினோம்.

அந்த நோட்டை முழுக்க ஸ்கேன் செய்து, பெயர் வந்த இடங்களை மறைத்து, வரி வரியாகத் தட்டச்சு செய்து தரவோடு சேர்த்தேன். றகர ரகரக் கேள்வியையும் அண்ணன்தான் தீர்த்தார். "அன்னிக்கே ஒரு அம்மா வெளியே வந்து, 'பறவைக்கு எழுத்து தப்பா இருக்கு தம்பி'ன்னு சொன்னாங்க" என்றார். ஆக, பிழை அன்றைய திரையிலேயே இருந்தது. அதை நாங்கள் திருத்தவில்லை. அவர்கள் பார்த்தது எதுவோ அதுதான் தரவு. பக்கத்தில் குறிப்பு மட்டும் போட்டோம்.

இவ்வளவு பாடுபட்டு எதற்குப் பகிர வேண்டும் என்று அப்போது ஆய்வகத்திலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உலகத்திலும் இது சுலபமாக நடந்துவிடவில்லை. 2000-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் எஃப்எம்ஆர்ஐ தரவு மையம் தொடங்கியபோது, ஜர்னல் ஆஃப் காக்னிடிவ் நியூரோசயன்ஸ் என்ற இதழ், கட்டுரை வெளியிட வேண்டுமானால் தரவையும் அந்த மையத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு பலமாக வந்தது. நம் உழைப்பை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம், கலந்துகொண்டவர்களின் அந்தரங்கம் பற்றிய கவலை, இரண்டும் இருந்தன. அந்த மையம் நீடித்து நிற்கவில்லை. ஆனால் எண்ணம் நின்றது. 2010-இல் பாரத் பிஸ்வாலும் கூட்டாளிகளும் 35 மையங்களிலிருந்து 1,414 பேரின் ஓய்வுநிலை ஸ்கேன்களை (எந்த வேலையும் கொடுக்காமல் எடுப்பவை, அண்ணனின் நோட்டில் 'ரெஸ்ட்' என்றிருப்பது அதுதான்) ஒன்று திரட்டி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். சும்மா படுத்திருக்கும்போதும் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்து அலைகின்றன என்று 1995-இல் காட்டியவரும் அதே பிஸ்வால்தான்.

அந்தத் தரவை வைத்து மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். 2014-இல் இரண்டு ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்த்து, ஓய்வுநிலை ஸ்கேனில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று நிமிடத்துக்குள்ளேயே விழிப்பை இழக்கத் தொடங்குகிறார்கள் என்று காட்டினார்கள். விழித்திருக்கும் மூளை என்று நினைத்து அளந்ததில் ஒரு பங்கு உறங்கும் மூளை! எங்கள் அண்ணன் 2011-இல் 'தூங்கிவிட்டார், குறட்டை கேட்டது' என்று எழுதியது எவ்வளவு பெறுமதியான வரி என்று அப்போதுதான் உறைத்தது. 2016-இல் அண்டர்ஸ் எக்லண்டின் குழு, இப்படித் திறந்து வைக்கப்பட்ட 499 ஆரோக்கியமானவர்களின் ஸ்கேன்களைக் கொண்டு 30 லட்சம் குழுப் பகுப்பாய்வுகளை ஓட்டிப் பார்த்தது. வித்தியாசமே இல்லாத இடத்தில் 'இருக்கிறது' என்று 5 சதவீதம் வரை மட்டுமே பொய்யாக வர வேண்டிய முடிவு, பரவலாகப் பயன்படும் மென்பொருள்களின் சில முறைகளில் 70 சதவீதம் வரை வந்தது. அந்த 499 பேரும் யாருடைய பீரோவிலாவது பிஸ்கட் டின்னில் இருந்திருந்தால் அந்தத் தவறு அப்படியே தொடர்ந்திருக்கும். சாரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டினேன். "ஒருத்தருக்கு மட்டும் எதுக்கு அனுப்பணும், எல்லாருக்கும் வச்சிடலாம்" என்று அவர்தான் சொன்னார்.

எல்லாருக்கும் வைக்க வேண்டுமென்றால் அந்தப் பெண்களைக் கேட்க வேண்டும்.

2011-இல் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில், 'தங்கள் தரவுகள் இரகசியமாகப் பேணப்படும்' என்று ஒரு வரிதான். பகிர்வது பற்றி ஒரு சொல் இல்லை. 'கட்டுரை எழுதத்தானே எடுத்தோம், பெயரை நீக்கிவிட்டுப் போட்டால் யாருக்குத் தெரியும்' என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை, நெறிமுறைக் குழுவும் ஒப்பவில்லை. உயிரோடு இருக்கிறவர்களை மறுபடி தேடிக் கேட்க வேண்டும் என்று குழு சொன்னது. அது சரியான முடிவு.

அவர்களில் ஒரு பிரிவினர் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்க வகுப்புகளில் எழுத்துக் கற்றவர்கள். எந்த மாவட்டம் என்று இங்கே எழுதவில்லை, அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. போன் நம்பர்கள் பாதி மாறியிருந்தன. ஊர் ஊராகப் போனேன். ஒரு அம்மா வீட்டில் புதிய படிவத்தை வாசித்துக் காட்டினேன். 'தரவு' என்ற சொல்லுக்கு அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன், வீட்டில் யார் தரவு என்று பேசுகிறோம்? படிவத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு உங்க தலையைப் படம் எடுத்தோம்ல? அந்தப் படத்தைப் பேர், ஊர் எதுவும் இல்லாம வேற ஊர்ல, வேற நாட்டுல படிக்கிறவங்களும் பார்க்கலாமான்னு கேட்க வந்தேன்."

"எதுக்குப் பார்ப்பாக?"

"வயசான பிறகு படிச்சா மூளை எப்படி மாறுதுன்னு தெரிஞ்சுக்க."

"காசுக்கு விப்பீகளா?"

"இல்லம்மா. ஆனா ஒருதடவை கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. யார் யார் எடுத்து வச்சிருக்காங்கன்னு நமக்கே தெரியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல."

யோசித்துவிட்டு, "படிக்கிறவகளுக்குத்தானே, குடு" என்றார். மை தடவும் அட்டையை எடுத்தேன், வழக்கமாக அதுவும் கையில் இருக்கும். அவர் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார். ஐந்து எழுத்துப் பெயர். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினார். நாங்கள் ஆராய்ந்ததே அந்தக் கையெழுத்தைத்தான் என்று வண்டியில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு படிவத்தையே மாற்றி எழுதினோம். 'தரவு' போய் 'படம்' வந்தது. 'பேணப்படும்' போய், 'பெயரும் ஊரும் தெரியாதபடி வைத்துக்கொள்வோம்' என்று வந்தது. திரும்பப் பெற முடியாது என்ற வரி தடித்த எழுத்தில், தனிப் பத்தியாக. வாசிக்க முடியாதவர்களுக்குச் சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சாட்சி ஆய்வகத்து ஆளாக இருக்கக் கூடாது. 36 பேரில் 27 பேர் சரி என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். நான்கு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்த ஒன்பது பேரின் படமும் வெளியே போகவில்லை. இனி ஆய்வு தொடங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்: பகிர்வதா வேண்டாமா என்ற கேள்வியை முதல்நாள் படிவத்திலேயே தனியாகக் கேட்டுவிடுங்கள். ஏழு வருடம் கழித்துக் கேட்கப் போவது எவ்வளவு பாடு என்று நான் பார்த்துவிட்டேன்.

அடுத்து, அடையாளம் நீக்குவது. ஸ்கேனரிலிருந்து வரும் டைகாம் கோப்பு ஒவ்வொன்றிலும் படத்தோடு பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். டிவிடியில் எழுதும்போதே அந்த அக்கா ஒரு நிரல் வைத்துப் பெயர், தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் காலி செய்திருந்தார். நல்ல வேலை. ஆனால் குறிப்பு எழுதும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு கோப்புகளில் அதற்குள் ஒரு கைபேசி எண் இருந்தது, கூட்டி வந்த மகனுடையதாக இருக்கலாம். எந்த நிரலையும் நம்பி விட்டுவிடாமல், ஒவ்வொரு புலத்தையும் ஒருமுறையாவது கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பெயர் போனால் அடையாளம் போய்விடும் என்றும் நினைக்கக் கூடாது. எங்கள் அட்டவணையில் மாவட்டம், சரியான வயது, எழுத்துக் கற்ற வருடம், தொழில் நான்கும் இருந்தன. அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் இந்த நான்கையும் பார்த்தால் 'இது நம்ம இவங்கதானே' என்று சொல்லிவிடுவார். மாவட்டத்தையும் தொழிலையும் எடுத்துவிட்டோம், வயதை ஐந்து வருட இடைவெளியாக்கினோம்.

அப்புறம் முகம். இது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. புதிய ஆய்வு ஒன்றுக்குச் சோதனை ஓட்டமாக நானே ஸ்கேனரில் படுத்திருக்கிறேன். அந்தப் படத்தைத் திறந்து, முப்பரிமாணமாகக் காட்டு என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். திரையில் கண்ணை மூடிய ஒரு சாம்பல் தலை மெல்ல உருவானது. என் மூக்கு. என் தாடை. இடது காது மேல்மடலில் சின்ன வயதில் தைத்த தழும்பின் மேடு கூடத் தெரிந்தது. பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, இது நீங்கதானே?" என்றாள். பெயர் இல்லை, எண் இல்லை, ஆனால் நான்தான். நாங்கள் பதிவேற்றத் தயாராகிக்கொண்டிருந்த அதே 2019 அக்டோபரில் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: 84 பேரின் எம்ஆர்ஐ முகத்தை அவர்களுடைய புகைப்படங்களோடு ஒப்பிட, எல்லோரும் வாங்கக்கூடிய முகம் கண்டறியும் மென்பொருள் 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது.

முகத்தை அழிக்க இலவச நிரல்கள் இருக்கின்றன. மூளையை விட்டுவிட்டு மூக்கு, வாய், கண் பகுதியை அழித்துவிடும். ஒரு இரவில் 27 பேருக்கும் ஓட்டினேன். காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் நான்கு பேருக்கு நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியிலும் ஒரு துண்டு போயிருந்தது. ஒருவருக்கு மூக்கு அப்படியே இருந்தது. அவற்றைக் கையால் சரி செய்தேன். முகம் உள்ள மூலப் படங்களை அழிக்கவில்லை. இணையத் தொடர்பில்லாத ஒரு வட்டில், பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. அது எவ்வளவு நல்ல முடிவு என்று பிறகு தெரிந்தது.

கோப்புகளை ஒழுங்கு செய்வதற்குப் பிட்ஸ் என்ற முறை இருக்கிறது. 2016-இல் வெளியானது. எந்தப் படம் எந்த அடைவில் இருக்க வேண்டும், பெயர் எப்படி வைக்க வேண்டும், ஸ்கேனர் அமைப்புகளை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். சரிபார்க்கும் நிரல் முதல் முறை ஓட்டியபோது திரை முழுக்கச் சிவப்பு. ஆனால் அது கேட்கும் ஒவ்வொன்றும், நாளைக்கு இதைத் திறக்கிற ஒருவர் கேட்கப்போகிற கேள்விதான். அடுக்குகள் எந்த வரிசையில் எடுக்கப்பட்டன, ஒரு படத்துக்கு எத்தனை விநாடி, சொல் எப்போது திரையில் வந்தது. அண்ணனின் நோட்டு இருந்ததால் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ரீட்மி கோப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். பிங்க் நிறத்தின் கதை, பறவையின் எழுத்துப்பிழை, 22-ஆம் எண்ணின் குறட்டை எல்லாம் அதில் இருக்கின்றன. நம் குறைகளை நாமே எழுதி வைத்த தரவைத்தான் மற்றவர்கள் நம்பி எடுப்பார்கள்.

ஓபன்நியூரோ களஞ்சியத்தில் வைத்தோம். ஸ்டான்ஃபோர்டில் ரஸ் போல்ட்ராக் குழு நடத்துவது. முன்பு ஓபன்எஃப்எம்ஆர்ஐ என்ற பெயரில் இருந்தது. அங்கே வைத்தால் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பொதுவில் விட்டதாக அர்த்தம். அதைத்தான் அந்த 27 பேரிடமும் வாயால் சொல்லிக் கேட்டிருந்தோம். கேட்காதவர்கள் அங்கே போகக் கூடாது, விண்ணப்பித்துப் பெறும் களஞ்சியங்கள் இருக்கின்றன. நிலையான எண் ஒன்று கிடைத்ததில் சாருக்கு மகிழ்ச்சி, இனி தரவையே மேற்கோள் காட்டுவார்கள் அல்லவா. இரண்டு இரவு பதிவேறியது. 2019 டிசம்பரில் அந்த மாணவிக்கு இணைப்பை அனுப்பினேன். அவர் அதற்குள் ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தார். நாங்கள் தாமதித்ததால் ஓர் அத்தியாயத்தை வேறு தரவில் எழுத வேண்டியிருந்ததாம். அது எனக்கு இன்றுவரை வருத்தம்.

2020 ஜனவரியில் அவரே திரும்ப எழுதினார். '13-ஆம் எண்ணும் 31-ஆம் எண்ணும் ஒரே மூளை போலத் தெரிகிறதே, பார்க்க முடியுமா?' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். மூளையின் மடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், கைரேகை மாதிரி. இரண்டிலும் ஒவ்வொரு மடிப்பும் அப்படியே ஒன்றாக இருந்தது. டிவிடி எழுதும்போது 13-ஐ 31 என்றும் ஒருமுறை எழுதியிருக்கிறார்கள். கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணை (உள்ளடக்கம் ஒன்றானால் இதுவும் ஒன்றாகவே வரும்) ஒன்றோடொன்று ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை. இப்போது அதுதான் முதல் வேலை.

ஆனால் அந்த மூளை யாருடையது? 13 அறிவொளியில் படித்தவர், 31 ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்த்த, பள்ளிக்கூடம் போனவர். மாறிப்போனால் எல்லாம் மாறும். டைகாமில் பெயரும் இல்லை, நேரமும் இல்லை. நோட்டை எடுத்தேன். '13. வலது மூக்குத்தி கழலவில்லை.' '31. மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்றி மகளிடம் கொடுத்தார்.' பூட்டிய பெட்டியைத் திறந்து, முகம் அழிக்காத மூலப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். மூக்கின் வலது மடலில், மிளகளவு ஒரு கருப்புக் குழி. எவியான் பொட்டும் அதே பக்கம்.

13-தான். 31-ஐ நீக்கி, மாற்றங்கள் கோப்பில் தேதியோடு காரணத்தை எழுதி, புதிய பதிப்பாக வெளியிட்டேன். அந்த மாணவிக்கு நன்றியும் அதிலேயே, அவர் அனுமதியோடு. பிறகு 31-ஆம் எண் அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் விட மனம் வரவில்லை. உங்கள் படம் எங்களிடம் இல்லை, தொலைத்துவிட்டோம், மன்னிச்சுக்கோங்க என்றேன்.

"அட, அதுக்கென்ன. இன்னொருக்கா வரட்டுமா?"

புதிய வாசிப்பு ஆய்வு ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் முறையாகச் சேர்த்து, புதிய எண்ணும் புதிய படிவமும் கொடுத்தோம். பழையதோடு கலக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மகளோடு வந்தார். அண்ணன் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ஒட்டி ஒட்டி வைத்த அந்த நோட்டில் இடமும் தீர்ந்திருந்தது. போகும் வழியில் கடையில் 192 பக்க நீள நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். ஸ்கேன் முடிந்து அவர் தாலிச் சங்கிலியை மறுபடி போட்டுக்கொண்டிருக்கும்போது முதல் பக்கத்தில் எழுதினேன்:

'1. வலது பக்கம் எவியான். மூக்குத்தி கழற்றியாச்சு. கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரிகிறது என்றார். முதல் 4 டம்மி. தூங்கவில்லை.'